சண்டையைப் பார்க்கத் தெரிந்த வர்ணனையாளர்

நல்ல வர்ணனையாளர் யார் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் குரலைத்தான் சொல்கிறார்கள். கம்பீரமான குரல், நாக் அவுட் விழும்போது உச்சத்தில் ஒரு கத்தல், நடுநடுவே நாலு பஞ்ச் டயலாக். குத்துச்சண்டையும் எம்எம்ஏவும் (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) பல வருஷமாக விடாமல் பார்க்கிறவன் நான். என் கணக்கில் குரல் கடைசி. முதலில் அவருக்குச் சண்டையைப் பார்க்கத் தெரிய வேண்டும். அதைவிட முக்கியம், அவர் மனதில் போட்டுக்கொண்டு வந்த கதையைக் கண்ணெதிரே நடக்கும் சண்டை பொய்யாக்கினால், அந்தக் கதையை அங்கேயே தூக்கிப் போட மனசு வேண்டும். இந்த இரண்டாவது குணம் ரொம்பவே அபூர்வம்.

கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே நேரம் கிடைக்கும். ரீப்ளே பார்க்கலாம், பழங்கதை பேசலாம். சண்டையில் அந்த வசதி கிடையாது. மூன்று விநாடிக்குள் ஐந்து குத்து பறக்கும். மூன்று எதிராளியின் கையுறையில் பட்டிருக்கும், ஒன்று தோளை உரசியிருக்கும், ஒன்றே ஒன்றுதான் சரியாக விழுந்திருக்கும். கூட்டம் ஐந்துக்கும் சேர்த்துக் கத்தும். கேமரா ஒருவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்தால் டிவியில் பார்க்கும் நமக்கும் ஐந்துமே பட்ட மாதிரிதான் தெரியும். ரிங் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சத்தம் கேட்கிறது. கையுறைமேல் கையுறை படும் சத்தம் வேறு, விலாவில் விழும் சத்தம் வேறு. அத்தனை கூச்சலுக்கு நடுவே ‘இதில் ஒன்றுதான் பட்டது’ என்று நிதானமாகச் சொல்கிறாரே, அவர்தான் என் ஆள்.

உடம்புக் குத்து விஷயத்தில் ஒருவருடைய தரம் உடனே தெரிந்துவிடும். தாடையில் விழும் குத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தலை திரும்பும், வியர்வை தெறிக்கும். வலது விலாவுக்குக் கீழே, கல்லீரல் பக்கம் விழும் இடது ஹூக் (பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து) அப்படியில்லை. வாங்கியவர் ஒரு கணம் ஒன்றுமே நடக்காதது போல நிற்பார், அப்புறம்தான் கால் மடியும். அந்த ஒரு கணத்துக்குள் கவனித்தவர்கள் குறைவு. விழாவிட்டாலும் கதை முடிந்துவிடாது. மூன்றாவது ரவுண்டில் வாங்கியது ஒன்பதாவது ரவுண்டில் தெரியும். முழங்கை இறங்கி விலாவை மூடும், தலை திறந்துபோகும், வாயால் மூச்சு வாங்க ஆரம்பிப்பார். ‘இவர் ஏன் திடீரென்று மெதுவாகிவிட்டார்’ என்று ஒன்பதாவது ரவுண்டில் ஆச்சரியப்படுகிற வர்ணனையாளர் மூன்றாவது ரவுண்டில் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார்?

வழக்கமாக ஒருவர் நடப்பதைச் சொல்வார், பக்கத்தில் முன்னாள் வீரரோ பயிற்சியாளரோ உட்கார்ந்து விளக்குவார். சாம்பியனாக இருந்ததாலேயே விளக்கத் தெரிந்துவிடாது. ‘இவர் இன்னும் நிறைய ஜாப் போட வேண்டும்’ (ஜாப் என்றால் முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் வேகக் குத்து) என்று பன்னிரண்டு ரவுண்டும் சொல்லிக்கொண்டே இருக்கும் முன்னாள் சாம்பியன்கள் உண்டு. அவருக்கும் அது தெரியும் ஐயா, ஏன் போட முடியவில்லை என்பதைச் சொல்லுங்கள். எதிராளி இடதுகைக்காரரா? இருவருடைய முன்னங்காலும் மோதிக்கொள்கிறதா? யாருடைய கால் வெளிப்பக்கம் போகிறது? எச்பிஓ டிவியில் வர்ணனை பேசிய இமானுவேல் ஸ்டூவர்ட் இதில் கெட்டிக்காரர். டெட்ராய்ட்டின் க்ரோங்க் ஜிம்மில் டாமி ஹெர்ன்ஸை உருவாக்கியவர், பிறகு லெனாக்ஸ் லூயிஸுக்கும் விளாடிமிர் கிளிச்கோவுக்கும் பயிற்சி கொடுத்தவர். ஒரு வீரருடைய பிரச்சினையைச் சொன்னால், கையோடு அதற்கான தீர்வையும் சொல்லிவிடுவார்.

சரி, கதை விஷயத்துக்கு வருகிறேன். 2022 ஆகஸ்ட், சால்ட் லேக் சிட்டி, எம்எம்ஏ நடத்தும் யூஎஃப்சி அமைப்பின் 278வது போட்டி. கமாரு உஸ்மான், லியான் எட்வர்ட்ஸ். முதல் ரவுண்டை எட்வர்ட்ஸ் எடுத்தார். அடுத்த மூன்றும் உஸ்மானுக்கு. மூன்று ஜட்ஜுகளின் மதிப்பெண் அட்டையிலும் உஸ்மானுக்கு 39-37. ஐந்தாவது ரவுண்டில் எட்வர்ட்ஸ் மனதளவில் உடைந்துவிட்டார், முடிவை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்கிற தொனியில்தான் வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. அப்போது வர்ணனையாளர்களில் ஒருவரான ஜான் அனிக், எட்வர்ட்ஸ் அப்படி விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை என்று ஒரு வரி சொல்கிறார். சொல்லி முடித்த சூட்டோடு எட்வர்ட்ஸின் இடது கால் உஸ்மானின் தலையில் விழுகிறது. இன்னும் ஒரு நிமிஷம்கூட மீதி இல்லை. அனிக்குக்கு அதிர்ஷ்டம் என்பார்கள். இருக்கட்டும். ஆனால் மற்றவர்கள் முடிவுரை வாசித்துக்கொண்டிருந்தபோது, சண்டை இன்னும் முடியவில்லை என்பதை அவர் மறக்கவில்லை.

இதற்கு நேர் எதிர் உதாரணம் 2017 ஜூலை 2, பிரிஸ்பேன். மேனி பாக்கியாவோவை ஜெஃப் ஹார்ன் புள்ளிகளில் ஜெயித்த சண்டை. இஎஸ்பிஎன்னில் வர்ணனை செய்தவர் டெடி அட்லஸ். என் கருத்திலும் அன்று பாக்கியாவோதான் ஜெயித்தார், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குத்துகளை எண்ணும் கம்ப்யூபாக்ஸ் கணக்கிலும் பாக்கியாவோ 182 குத்துகள் பட வைத்தார், ஹார்ன் 92. ஆனால் குத்துச்சண்டையில் மொத்தக் குத்துகளைக் கூட்டி வெற்றி கொடுப்பதில்லை. ஒவ்வொரு ரவுண்டும் தனி. அதில் ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9. ஒன்பதாவது ரவுண்டில் ஹார்ன் வாங்கிய அடியைப் பார்த்து ரெஃப்ரியே அவருடைய கார்னருக்கு (பயிற்சியாளர் குழு இருக்கும் மூலை) போய், நிறுத்த வேண்டி வரலாம் என்று எச்சரித்தார். அவ்வளவு பெரிய ரவுண்டு. ஆனாலும் அட்டையில் அது ஒரு ரவுண்டுதான். ஆரம்ப ரவுண்டுகளில் ஹார்ன் முட்டி மோதி முன்னே வந்துகொண்டே இருந்தார்; அவற்றில் பல யாருக்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம். இரண்டு ஜட்ஜுகள் ஹார்னுக்கு 115-113 போட்டார்கள், அது நியாயமான எல்லைக்குள் வரும். மூன்றாமவர் போட்ட 117-111க்கு என்னிடம் சமாதானம் கிடையாது. இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்வதுதான் வர்ணனையாளரின் வேலை. அட்லஸ் ரிங்குக்குள் ஏறி, ஜெயித்தவரின் முகத்துக்கு நேராகவே நீங்கள் தோற்றீர்கள் என்று நினைக்கிறேன் என்றார். அவர் நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ‘திருட்டு’ என்ற ஒற்றைச் சொல்லோடு போய்விட்டார்கள். பட்டம் வழங்கும் அமைப்பான டபிள்யூபிஓ பிறகு வேறு ஜட்ஜுகளை வைத்து அந்தச் சண்டையை மறுபடி மதிப்பிட்டது, ஏழு ரவுண்டு ஹார்னுக்கு என்று வந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அதற்காக வர்ணனையாளர் மரக்கட்டையாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. 1989ல் ஃபிராங்க் புருனோ முதல் ரவுண்டிலேயே டைசனைத் தள்ளாட வைத்தபோது பிபிசியின் ஹாரி கார்ப்பென்டர் நடுநிலையை மறந்து, ‘உள்ளே போ ஃபிராங்க்!’ என்று கத்திவிட்டார். ஐந்தாவது ரவுண்டில் டைசன் முடித்துவிட்டார், அது வேறு விஷயம். அந்தக் கத்தலை நான் குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை. யார் பக்கம் என்று வெளிப்படையாகத் தெரிந்துவிட்டால் நாம் கழித்துக் கேட்டுக்கொள்ளலாம். நடுநிலைபோலப் பேசிக்கொண்டே, போட்டியை நடத்தும் கம்பெனி அடுத்து யாரை வளர்க்கப் போகிறதோ அவருடைய ஒவ்வொரு அசைவுக்கும் ‘ஆஹா’ போடுகிறவர்களிடம்தான் எனக்குப் பயம். பல அமைப்புகளில் வர்ணனையாளருக்குச் சம்பளம் கொடுப்பதே போட்டியை நடத்துகிறவர்கள்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

உணர்ச்சி என்றால் எனக்கு எச்பிஓ வர்ணனையாளர் ஜிம் லாம்ப்ளி. 1994 நவம்பர், 45 வயது ஜார்ஜ் ஃபோர்மன், மைக்கேல் மூரர். மூன்று அட்டைகளிலும் பின்தங்கியிருந்த ஃபோர்மன் பத்தாவது ரவுண்டில் மூரரைச் சாய்த்தார். லாம்ப்ளி சொன்னது இவ்வளவுதான்: ‘நடந்துவிட்டது! நடந்துவிட்டது!’ லாம்ப்ளியும் ஃபோர்மனும் எச்பிஓவில் ஒன்றாக வர்ணனை செய்தவர்கள். கடைசிப் பகுதியில் ஒரு கட்டத்தில் மூரர் தன் எதிரே வந்து நிற்பார், அப்போது முடிப்பேன் என்று ஃபோர்மன் முன்பே தன்னிடம் சொல்லியிருந்ததாக லாம்ப்ளி பிற்பாடு சொன்னார். அது தெரிந்தபின் கேட்டால் அந்தச் சின்ன வாக்கியத்தின் கனம் புரியும். இதே வேலையை இன்றைக்குச் சிலர் முந்தின நாளே எழுதி மனப்பாடம் செய்த வசனத்தால் செய்யப் பார்க்கிறார்கள். கேட்கும்போதே காகித வாடை அடிக்கிறது.

எனக்கு நிஜமாகவே எரிச்சல் வருவது ரவுண்டுகளுக்கு நடுவே இருக்கும் அந்த ஒரு நிமிஷத்தில். கார்னரில் மைக் இருக்கிறது. பயிற்சியாளர் என்ன சொல்கிறார், கேட்டு வீரர் தலையாட்டுகிறாரா, கண் எங்கோ பார்க்கிறதா, கட்மேன் (காயத்தில் ரத்தத்தை நிறுத்துபவர்) எந்த வெட்டை அழுத்திப் பிடிக்கிறார் என்று சண்டையின் பாதி விஷயம் அங்கேதான் கிடைக்கும். அப்போதுதான் நம் ஆட்கள் அடுத்த வாரப் போட்டிக்கு விளம்பரம் வாசிக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் என்று யாராவது அவர்களிடம் சொன்னால் தேவலை.

வர்ணனையில் நிஜமான சரக்கு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க 2020 மே மாதம் ஒரு விசித்திரமான வாய்ப்பு கொடுத்தது. ஜாக்சன்வில்லில் பார்வையாளர்களே இல்லாமல் யூஎஃப்சி 249 நடந்தது. காலி அரங்கம், வர்ணனை சண்டை நடக்கும் கூண்டுக்குள் கேட்கிறது. எதிராளியின் லெக் கிக்குகளை கிரெக் ஹார்டி தடுக்க வேண்டும் என்று வீரரும் வர்ணனையாளருமான டேனியல் கோர்மியர் தன் இருக்கையில் இருந்து பேசிக்கொண்டிருக்கிறார். ஹார்டி அதைக் கேட்டுத் தடுக்க ஆரம்பித்தார், ஜெயித்தபின் கோர்மியருக்கு நன்றியும் சொன்னார்! எதிராளிக்கு இது அநியாயம்தான். ஆனால் சண்டை போட்டுக்கொண்டிருப்பவனுக்கே உதவுகிற அளவுக்கு ஒருவருடைய விளக்கம் இருந்தது என்பதைவிடப் பெரிய சான்றிதழ் என்ன வேண்டும்?

கோர்மியர் சம்பந்தப்பட்ட இன்னொரு சம்பவம் அவ்வளவு வேடிக்கையானதல்ல. 2017ல் ஜான் ஜோன்ஸிடம் தலையில் உதை வாங்கி நாக் அவுட் ஆன சில நிமிஷத்திலேயே வர்ணனையாளர் ஜோ ரோகன் அவர் முன்னால் மைக்கை நீட்டினார். கோர்மியர் அழுதார், என்ன நடந்தது என்றே அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. ரோகன் பிறகு மன்னிப்புக் கேட்டார். மூளை கலங்கியிருப்பவரிடம் பேட்டி எடுக்கக் கூடாது என்பது சாதாரண மனித இங்கிதம். ஆனால் நேரலையில் இருக்கும்போது அதுதான் முதலில் காணாமல் போகிறது.

இந்த விஷயத்தில் எனக்கு எப்போதும் அமெரிக்க வர்ணனையாளர் ஹோவர்ட் கோசல் நினைவுக்கு வருவார். 1973ல் கிங்ஸ்டனில் ஃபோர்மனின் அடியில் ‘ஃப்ரேசியர் விழுந்தார்!’ என்று மூன்று முறை கத்தியவர். தற்பெருமை ஜாஸ்தி, பேச்சில் ஒரு திமிர், நிறையப் பேருக்கு ஆகாது. 1982 நவம்பரில் தென்கொரியாவின் கிம் டுக் கூ, ரே மான்சினியுடன் மோதிய சண்டையில் அடிபட்டு இறந்தார். அது நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஹூஸ்டனில் லாரி ஹோம்ஸ் டெக்ஸ் காபைப் பதினைந்து ரவுண்டு அடித்துக்கொண்டே இருந்தார். காப் விழவில்லை, திருப்பி அடிக்கவும் பெரிதாக முடியவில்லை. இதை ஏன் ரெஃப்ரி நிறுத்தவில்லை என்று கோசல் மைக்கிலேயே பொரிந்து தள்ளினார். அதற்கப்புறம் அவர் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வர்ணனை செய்யவே இல்லை. கோசலை விரட்டியதுதான் குத்துச்சண்டைக்கு நான் செய்த சேவை என்று காப் பின்னாளில் கிண்டலடித்தார். நல்ல நகைச்சுவை, நானும் சிரித்தேன். இருந்தாலும் அந்த ராத்திரி விஷயத்தில் நான் கோசல் கட்சி.