உப்பை வைத்து ஒரு வாரம்

'ஒரு வாரம், ஒரே கரு' என்று, 'தண்ணீர்' போன்ற ஒரு கருவை வைத்து எல்லாப் பாடத்தையும் கோத்துச் சொல்லித்தரலாம் என்கிறது ஒரு கட்டுரை. முழுக்கச் சரி. ஆனால் 'தண்ணீர்' மூன்றாம் வகுப்புக்கு ரொம்ப அகலம். வடசென்னைப் பிள்ளைகளுக்கு உப்பு போதும்.

திங்கட்கிழமை, ஆசிரியர் திருவொற்றியூர்க் கடற்கரையிலிருந்து ஒரு லிட்டர் கடல்நீர் கொண்டுவரட்டும். காசிமேடு துறைமுகத் தண்ணீர் வேண்டாம், டீசல் மிதக்கும். எண்ணூர் முகத்துவாரமும் வேண்டாம், ஆற்றுநீர் கலந்து கணக்கு மாறும். வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டி, ஐந்து குழுவுக்கும் 200 மில்லி வீதம் அகலமான பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி வெயிலில் வைக்கவும். டம்ளரில் வைத்தால் வாரம் முடிந்தாலும் வற்றாது. அலுமினியத் தட்டை உப்பு அரிக்கும்.

பலர் கோட்டைவிடுவது எடையில்தான். வெறும் தட்டை முதலிலேயே நிறுத்து எழுதிவைக்க வேண்டும். ஒரு தட்டில் கிடைப்பது சுமார் 7 கிராம் உப்பு. 1 கிராம் துல்லியத் தராசில் அது தடுமாறும். ஐந்தையும் சுரண்டிச் சேர்த்து நிறுத்தால் 35 கிராம் அளவில் வரும். காலையில் நிறுக்காதீர்கள். உப்பு இரவு ஈரத்தை இழுத்துக் கூடுதலாகக் காட்டும், மதிய வெயிலுக்குப் பிறகே நிறுக்க வேண்டும். தட்டோரத்தில் சதுரச் சதுரமாகப் படிந்த பரல்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்து வரைவதே ஓவிய வகுப்பு.

தமிழுக்கு உப்பளம், உவர்ப்பு, உப்பங்கழி. சூழ்நிலையியலுக்கு, எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் 2010 முதல், கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனுள்ள ஆலை இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் இதைத் தொடவே வேண்டாம். பிப்ரவரி, மார்ச் வெயிலில் இரண்டு மூன்று நாளில் வற்றிவிடும்.