செயின்ட் தாமஸ் ஆலயத்தைத் தொடங்கியவர் ஆலன் அல்ல

"பிலடெல்பியா செயின்ட் தாமஸ் ஆலயத்தை ரிச்சர்ட் ஆலன் 1787-ல் தொடங்கினார், எபிஸ்கோபல் சபை சம உரிமையோடு ஏற்றுக்கொண்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. செயின்ட் தாமஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆலயம்; எபிஸ்கோபல் சபை என்பது இங்கிலாந்து திருச்சபை மரபில் வந்த அமெரிக்கச் சபை.

1787-ல் கறுப்பினப் போதகர்களான ஆலனும் அப்சலம் ஜோன்ஸும் சேர்ந்து தொடங்கியது சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கம். அது உதவிச் சங்கம், ஆலயம் அல்ல. செயின்ட் ஜார்ஜ் மெத்தடிஸ்ட் ஆலயத்தில் முழங்காலிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த ஜோன்ஸை வெள்ளையர்கள் எழுப்பி இழுத்த சம்பவத்தையும் அதே ஆண்டில் வைப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். அது நடந்த மேல்மாடம் கட்டப்பட்டதே 1792 வாக்கில்தான்.

பிறகு, செயின்ட் ஜார்ஜை விட்டு வெளியேறிய கறுப்பினத்தவர் எந்தச் சபையில் சேர்வது என்று வாக்கெடுத்தபோது பெரும்பான்மையினர் எபிஸ்கோபல் பக்கம் சாய்ந்தார்கள். மெத்தடிஸ்டாகவே இருக்க விரும்பிய ஆலன் விலகி, பெத்தேல் ஆலயத்தைத் தொடங்கினார். செயின்ட் தாமஸை வழிநடத்தியவர் ஜோன்ஸ். ஆலயம் 1794 ஜூலை 17 அன்று திறக்கப்பட்டது.

சேரும்போது அவர்கள் வைத்த நிபந்தனைகள் மூன்று: அமைப்பாக முழுமையாக ஏற்கவேண்டும், உள்விவகாரம் தங்கள் கையிலேயே இருக்கவேண்டும், தகுதி பெற்றால் ஜோன்ஸுக்குக் குருப்பட்டம் தரவேண்டும். மூன்றும் ஏற்கப்பட்டன. ஆனால் அந்தப் பகுதி எபிஸ்கோபல் ஆலயங்கள் கூடி முடிவெடுக்கும் மறைமாவட்ட மாநாட்டில் இடம் தரவில்லை. 1864 வரை அந்தக் கதவு மூடியே இருந்தது. இதைச் சம உரிமை என்று சொல்லவே கூடாது.