எந்தக் காசு எப்ப வருதுங்கறதுதான் கணக்கு

விவசாயத்த மட்டும் நம்பாதீங்க, கூட ஆடு மாடு கோழின்னு ஏதாவது பண்ணுங்கன்னு விவசாயிக்கு அட்வைஸ் சொல்ற பதிவு தினமும் ஒண்ணாவது கண்ணுல படுது. நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க. ஆனா எங்க தருமபுரி பக்கம் மழைய மட்டும் நம்பற மானாவாரி ஊர்ல எந்த வீட்டுலயாவது உக்காந்து பேசிப் பாருங்க, வெள்ளாமைய மட்டும் வெச்சு ஓடற வீடு ஒண்ணு கூட கிடைக்காது.

அந்த வீட்டுக் கணக்கு இப்படித்தான் இருக்கும். கடலையும் ராகியும் வருசத்துக்கு ஒரு தடவை காசு, அதுவும் மழை பேஞ்சா. பால் பில்லு வாரமோ பத்து நாளோ ஒருக்கா சொசைட்டியில வந்துடும், மளிகையும் தவுடு புண்ணாக்கும் அதுலதான். ஆடு பேங்க்ல போட்ட பணம் மாதிரி, ஸ்கூல் ஃபீஸுக்கோ ஆஸ்பத்திரிக்கோ ஒண்ணப் புடிச்சு வித்துடலாம். போர்ல தண்ணி இருக்கறவங்க மல்பெரி வெச்சு பட்டுப்புழு வளர்க்கறாங்க, இளம்புழுவா வாங்கி வந்தா ஒரு மாசத்துக்குள்ள கூடு தருமபுரி மார்க்கெட்டுக்குப் போயிடும். எவ்ளோ வருதுங்கறத விட எப்ப வருதுங்கறதுதான் இந்த வீடுகளுக்கு முக்கியம், ஏன்னா உரக்கடைக்கும் நகைக்கடன் வட்டிக்கும் அறுவடை வரைக்கும் பொறுக்கச் சொல்ல முடியாது. அதனாலதான் 2024 கடைசியிலயும் 2025 ஆரம்பத்துலயும் தமிழ்நாட்டுல நூறு நாள் வேலைக் கூலி மாசக்கணக்கா நின்னப்ப அவ்ளோ வலிச்சுச்சு.

மத்திய அரசோட சர்வே ஒண்ணு இருக்கு, 2018-19 விவசாய வருசத்துக்கு எடுத்தது. இந்தியா முழுக்க ஒரு விவசாயக் குடும்பத்தோட சராசரி மாச வருமானம் 10,218 ரூபா, அதுல கூலி சம்பளம் 4,063, பயிர்ல வர்றது 3,798, ஆடு மாடு 1,582. 2012-13ல இதே கணக்குல பயிர்தான் முதல்ல இருந்துச்சு, 6,426ல 3,081. ஆறே வருசத்துல கூலி முந்திடுச்சு. இதுக்கப்புறமும் கூலிக்குப் போறத "உபதொழில்"னு சொல்றத என்னால ஒத்துக்க முடியல. நிலத்துக்கு வெத வாங்கறதும் உழவு ஓட்டறதும் அந்தக் காசுலதான்.

என்னோட முக்கியமான வருத்தம் வேற. ஒருங்கிணைந்த பண்ணையம்னு சொல்லி மாடு, ஆடு, கோழி, தீவனப்புல்லுன்னு எல்லாத்தையும் ஒரே நிலத்துல வெக்கச் சொல்றாங்க. நல்ல திட்டம்தான், எருவும் மிச்சம். ஆனா இது அத்தனையும் ஒரே மழைய நம்பி நிக்குது. 2016ல வடகிழக்குப் பருவமழை பொய்ச்சு 2017 ஜனவரியில தமிழ்நாடு முழுக்க வறட்சின்னு அறிவிச்சாங்களே, அப்ப பயிர் காஞ்சது, வைக்கோல் வெல ஏறுச்சு, தீவனம் இல்லாம எல்லாரும் ஒரே நேரத்துல மாட்ட சந்தைக்கு ஓட்டிட்டுப் போனா வெல எப்படி நிக்கும்? நாலு வருமானம் இருந்தும் நாலும் சேர்ந்து படுத்துச்சு. மழைக்கு சம்பந்தமில்லாம வந்த காசு, பெங்களூருக்கு கட்டட வேலைக்குப் போனவங்க அனுப்புனதும் ஓசூர்ல கம்பெனிக்குப் போன புள்ளைங்க சம்பளமும்தான்.

அதனால விவசாயி வருமானம்னு பேசறவங்க மானியத்துல ஆடு குடுக்கறதோட நிறுத்திடாதீங்க. விடியக்காலைல பால் கறந்து ஊத்திட்டு, சோறாக்கி வெச்சுட்டு, அதுக்கப்புறம் வேலைக்குக் கெளம்பறது பெரும்பாலும் வீட்டுப் பொம்பளைங்கதான், இன்னொரு மாடு குடுத்தா அந்த வேலையும் அவங்க தலையிலதான் விழும். 2021ல இருந்து டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லங்கறது எங்க பக்கம் உண்மையிலேயே பெரிய உதவி, பூ விக்கறவங்கள்ல இருந்து கம்பெனிக்குப் போறவங்க வரைக்கும். ஆனா பஸ்ஸே வராத ஊருக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? உள்ள இருக்கற கிராமத்துக்கு ஷிஃப்ட் டைமுக்கு காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு விடுங்க, நூறு நாள் கூலிய நிலுவை வெக்காம குடுங்க, வறட்சி வர்றதுக்கு முன்னாடியே ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு எடத்துல வைக்கோல் சேத்து வெய்யுங்க. இத எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் கேளுங்க.