அம்மாவுக்கு முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது

போன வாரம் ஒரு மீம் சுற்றிக்கொண்டிருந்தது. விமானத்தில் ஏறும்போது வீல்சேர், இறங்கி வெளியே வந்ததும் பேரனைத் தூக்க ஓட்டம். நம்ம ஊர் அப்பா அம்மாக்களைக் கிண்டல் செய்து. நானும் சிரித்தேன். பிறகுதான் உறுத்தியது. கடந்த நான்கு முறையும் டிக்கெட்டோடு என் அம்மாவுக்கு வீல்சேர் உதவி கேட்டுப் போட்டவள் நான்தான். அம்மாவுக்கு வயது 69. கும்பகோணத்தில் இன்னும் மாடிப்படி ஏறித்தான் வடாம் காய வைக்கிறாள்.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில். சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து மும்பைக்கு விட்டிருந்த நேரடி விமானத்தை 2015-இல் நிறுத்திய பிறகு, அடிஸ் அபாபா, நைரோபி, துபாய், தோஹா என்று எங்காவது மாறித்தான் வர வேண்டியிருக்கிறது. துபாயில் ஏறினால் டர்பனிலேயே இறங்கலாம். பள்ளி விடுமுறை சமயத்தில் அந்த டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு எல்லோரையும் போல நாங்களும் அடிஸ் அபாபா பக்கம் திரும்பிவிடுவோம். சென்னை, அடிஸ், ஜோஹன்னஸ்பர்க், டர்பன்.

அடிஸ் இருக்கும் எத்தியோப்பியா, மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அங்கே விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் தென்னாப்பிரிக்காவில் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்கு முதல்முறையாக அந்த ஊசி போட மருத்துவர்கள் தயங்குவார்கள். அதனால் மாறும் நேரத்தை எண்ணிப் பார்த்துத்தான் டிக்கெட் போடுவேன்.

ஆனால் அம்மாவுக்குக் கஷ்டமான இடம் அடிஸ் இல்லை, ஜோஹன்னஸ்பர்க். நாட்டுக்குள் நுழையும் முதல் ஊர் அது என்பதால், சென்னையிலேயே டர்பன் வரைக்கும் டேக் ஒட்டியிருந்தாலும் பெட்டியை அந்த ஊரின் ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் எடுத்தாக வேண்டும். குடியேற்ற வரிசை, எத்தனை நாள் தங்குவாய் என்ற கேள்வி, பெட்டி வரும் பெல்ட், சுங்கம், அப்புறம் உள்நாட்டு முனையம் வரை நடந்து பெட்டியை மறுபடி ஒப்படைப்பது. எனக்கு அது சலிப்பான வேலை, அவ்வளவுதான். ஆங்கிலம் படிக்கத் தெரியாத அம்மாவுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி.

முதல் தடவை வந்தபோது டர்பன் வாசலில் என்னைப் பார்த்ததும் அம்மா சொன்னது: "வண்டி தள்ளின பையன் தங்கமான பையன்டி. ஆனா வழி பூரா கோ கோ, கோ கோன்னு விரட்டிக்கிட்டே வந்தான். நான் எங்கடா போறது, உக்காந்துல்ல இருக்கேன்?"

இங்கே பேசும் ஜூலு மொழியில் கோகோ என்றால் பாட்டி. அந்தப் பையன் பாட்டி, பாட்டி என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்திருக்கிறான். காரில் வீடு வரும்வரை சிரித்தோம். அடுத்த தடவை அம்மா அவனுக்கென்று ஒரு பொட்டலம் முறுக்கு கொண்டு வந்தாள். அவன் இல்லை. வேறொரு பெண் தள்ளினாள், முறுக்கு அவளுக்குப் போயிற்று.

வீல்சேர் என்று நாம் சொல்வது ஏர்லைன்காரர்களிடம் மூன்று வகை. டபிள்யூ.சி.எச்.ஆர் என்றால் படி ஏறுவார், நீண்ட தூரம் நடக்க மாட்டார். கடைசி எழுத்து எஸ் என்றால் படி ஏற முடியாது. சி என்றால் இருக்கை வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். இவை தவிர எம்.ஏ.ஏ.எஸ் என்று ஒன்று இருக்கிறது. நாற்காலி வேண்டாம், கூட ஒரு ஆள் வந்து வழிகாட்டினால் போதும் என்று அர்த்தம். என் அம்மாவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. ஒரு ஏர்லைனுக்கு போன் போட்டு அதைத்தான் கேட்டேன். "அதெல்லாம் கன்ஃபர்ம் ஆகாது மேடம், வீல்சேர் போட்டுடறேன், அதான் ஈஸி" என்றார் போனில் பேசிய பையன். பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பது அவர்கள். மீம் மட்டும் நம் மேல்.

இதில் நிஜமாக அடிபடுவது யார் என்றால், உண்மையிலேயே நடக்க முடியாதவர்கள். விமானத்தின் வாசலில் பன்னிரண்டு நாற்காலி வேண்டும், வந்திருப்பது ஏழு. அந்த ஏழில் ஒன்றில் என் அம்மா. போன தடவை பின்னால் ஒருவர் செயற்கைக் காலோடு காத்திருந்ததை அம்மாவே பார்த்திருக்கிறாள், எழுந்து கொடுக்கவும் பார்த்திருக்கிறாள். தள்ள வந்தவர் விடவில்லையாம், பட்டியலில் இவள் பெயர்தான் இருக்கிறது என்று.

இன்னொரு சங்கதி. உள்நாட்டு டிக்கெட்டை மலிவாகக் கிடைக்கிறதே என்று தனியாகப் போட்டால், முதல் டிக்கெட்டில் கேட்ட உதவி இரண்டாவதற்குத் தானாக வராது. தனியாகக் கேட்க வேண்டும், அதுவும் 48 மணி நேரத்துக்கு முன்னால். மலிவு விமான நிறுவனங்களான மாங்கோ 2021-இலும் குலுலா 2022-இலும் மூடிய பிறகு, ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம் என்ற தைரியமும் குறைந்துவிட்டது. இது தெரியாமல் ஒருமுறை நான் தனித்தனியாகப் போட்டேன். ஊர் பெயர் வேண்டாம், ஒரு விமான நிலையத்தில் முதல் ஆள் அம்மாவை ஒரு தூண் ஓரமாக நிறுத்திவிட்டு, தன் வேலை முடிந்தது என்று போய்விட்டார். அடுத்த ஆள் வருவதற்கு ஒன்றேகால் மணி நேரம். எழுந்து பாத்ரூம் போனால் வண்டி போய்விடுமோ என்று அம்மா அசையவில்லை. நடக்கத் தெரிந்தவளை நாற்காலியில் உட்கார வைத்து நாம்தான் கட்டிப்போட்டிருக்கிறோம்.

நேர்மாறான ஒன்றையும் பார்த்தேன். இரண்டு வருடம் முன்பு அம்மாவோடு போட்ஸ்வானாவில் மவுன் போனோம், ஒக்கவாங்கோ டெல்டா பார்க்க. மவுனில் விமானத்தின் படியில் இறங்கினால் தார்த்தளம், எதிரே கட்டடம். எல்லோரும் வெயிலில் நடந்து போகிறார்கள். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து போய்க் குடியேற்ற வரிசையில் நின்றுவிட்டாள். போக வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. தென்னாப்பிரிக்காவுக்கு ஆட்சிமொழி 11, 2023-இல் சைகை மொழியையும் சேர்த்து 12. ஆனால் விமான நிலையப் பலகைகள் பெரும்பாலும் ஆங்கிலம். டர்பன் கிங் ஷாகா விமான நிலையத்தில் நான் அடிக்கடி பார்க்கிறேன், கேப் டவுனில் வேலை பார்க்கும் பிள்ளையைப் பார்க்க முதல்முறையாக விமானம் ஏறும் ஜூலு கோகோக்களை. கையில் பேரன் அச்செடுத்துக் கொடுத்த தாள். பலகையைப் பார்க்க மாட்டார்கள், முகங்களைப் பார்ப்பார்கள், எந்த முகத்திடம் கேட்கலாம் என்று. என் அம்மாவும் அப்படித்தான். சொந்த நாட்டிலேயே அவர்களுக்கும் வீல்சேர்தான் மொழிபெயர்ப்பாளர்.

டர்பனில் அம்மாவுக்கு அந்தக் கவலை இல்லை என்பது வேறு கதை. 1860 நவம்பரில் மதராசிலிருந்து ட்ரூரோ கப்பலில் முதலில் வந்திறங்கிய இந்தியத் தொழிலாளர்களின் வழிவந்த பெண்கள் அங்கே கவுன்ட்டரில் இருப்பார்கள். புடவையைப் பார்த்ததும் ஒருத்தி "வணக்கம் ஆன்ட்டி" என்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான். அம்மா அவளிடம் பத்து நிமிஷம் மருமகன் கதை பேசிவிட்டு வந்தாள்.

இந்தத் தடவை நாற்காலி போடப் போவதில்லை. எம்.ஏ.ஏ.எஸ் கிடைக்கும் வரை போனை வைக்க மாட்டேன், ஒரே டிக்கெட்டில்தான் போடுவேன். அதற்குமேல் ஒரு அட்டையில் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் எழுதிக் கொடுக்கிறேன்: என்னால் நடக்க முடியும், வழி காட்டுங்கள். பக்கத்து வீட்டு ஜூலு அக்கா எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நைரோபி வழியாகப் பெற்றோரை அழைத்து வந்தவர்கள் யாராவது இருந்தால், அங்கே மாறும் இடத்தில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று கமெண்டில் சொல்லுங்கள். அடுத்த வாரத்துக்குள் டிக்கெட் போடணும்.