ஈடிபஸையும் லியரையும் படிக்கும்போது அரிஸ்டாட்டில் கொஞ்சம் காத்திருக்கட்டும்

எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்தவர்கள் கிரேக்கத் துன்பியல் என்றதும் முதலில் கையில் எடுப்பது அரிஸ்டாட்டிலின் கவிதையியல் பற்றிய நாலு பக்கக் குறிப்பைத்தான். நாயகனிடம் ஒரு குறை, அதனால் வீழ்ச்சி, பார்ப்பவருக்கு அச்சமும் இரக்கமும். இந்த ரப்பர் ஸ்டாம்ப்பை ஈடிபஸ் மேல் ஒருமுறை குத்துவார்கள். அப்புறம் ஷேக்ஸ்பியரின் லியர், மக்பெத், மார்லோவின் ஃபாஸ்டஸ் என்று வரிசையாகக் குத்திக்கொண்டே போவார்கள். மதிப்பெண் வந்துவிடும். நாடகம் கண்ணில் படாமலே போய்விடும்.

ஈடிபஸ் நாடகத்தை எழுதிய சோஃபக்ளிஸ் இறந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆன பிறகு பிறந்தவர் அரிஸ்டாட்டில். தனக்கு முந்தைய நாடகங்களைப் பார்த்து எழுதிய விமர்சகர் அவர், சட்டம் போட்டவர் அல்ல. காலம், இடம், செயல் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதாக இன்றும் வகுப்புகளில் ஓடுகிறது. அவர் வலியுறுத்தியது செயல் ஒருமையை மட்டும்தான். துன்பியல் ஒரு நாளுக்குள் அடங்கப் பார்க்கிறது என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். இடத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. மூன்றையும் சேர்த்துக் கட்டியது 1570-இல் இத்தாலிக்காரர் காஸ்டெல்வெத்ரோ. கிரேக்க நாடகாசிரியர் எஸ்கிலஸின் ஒரெஸ்டியா முத்தொடரில் கடைசி நாடகம் டெல்ஃபியில் தொடங்கி ஏதென்ஸுக்குப் போய்விடுகிறது. அதைப் படித்தவர் யாரும் இட ஒருமையைக் கிரேக்கர் தலையில் கட்ட மாட்டார்கள்.

என் கட்சி இதுதான்: யார் மேடையில் நிற்கிறார்கள், எத்தனை நடிகர்கள், நம் கையில் உள்ள பிரதி எங்கிருந்து வந்தது. இந்த மூன்றையும் முடித்துவிட்டுக் கோட்பாட்டுக்குப் போங்கள்.

ஏதென்ஸில் வசந்தகால டயோனிசஸ் விழாவில் மூன்று கவிஞர்கள் போட்டியிட்டார்கள். ஆளுக்கு மூன்று துன்பியல், கூடவே சாட்டிர் நாடகம் என்ற கேலிக்கூத்து ஒன்று. பேசும் நடிகர்கள் மூன்றே பேர், எல்லோரும் ஆண்கள், எல்லோருக்கும் முகமூடி. கூட்டாகப் பாடி ஆடும் கோரஸில் முதலில் 12 பேர், சோஃபக்ளிஸ் காலத்தில் 15. இந்த எண்களைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்வதில் பயனில்லை, நாடகத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஈடிபஸ் மன்னனை எடுங்கள். வரி எண் உள்ள பதிப்பு அவசியம். கிரேக்க மூலத்தை எதிர்ப்பக்கத்தில் தரும் லோப் வரிசை நல்லது. பெர்சியஸ் இணையதளத்தில் ஜெப் என்ற அறிஞரின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு தாளில் மேலிருந்து கீழாக மூன்று பத்தி போடுங்கள், பத்திக்கு ஒரு நடிகர். ஒவ்வொரு பாத்திரமும் நுழையும் வரி, வெளியேறும் வரி இரண்டையும் எழுதுங்கள். ஒரே நேரத்தில் மேடையில் இருக்கும் இருவரை ஒரே பத்தியில் போட முடியாது. விதி அவ்வளவுதான்.

950-ஆம் வரிக்குப் பிறகு மேடையில் ஈடிபஸ், அவனுக்கு மனைவியும் அவனறியாமல் தாயுமான யொகாஸ்டா, கொரிந்திலிருந்து வந்த தூதன் என மூன்று பேர். கணக்கு முடிந்தது, நாலாவது ஆள் கிடையாது. 1072-இல் யொகாஸ்டா எல்லாம் புரிந்துபோய் உள்ளே ஓடுகிறாள். 1110-இல் கிழட்டு மேய்ப்பன் வருவது தெரிகிறது. ஈடிபஸும் கொரிந்துக்காரனும் இடத்தை விட்டு நகரவே இல்லை. அப்படியென்றால் மேய்ப்பன் வேடம் கட்டுவது யார்? யொகாஸ்டாவாக நடித்தவரேதான், வேறு வழியே இல்லை. குழந்தை ஈடிபஸைக் கொல்லச் சொல்லிக் கொடுத்த தாயும், அவனைக் கையில் வாங்கிக்கொண்டு கொல்லாமல் விட்ட மேய்ப்பனும் ஒரே உடம்பு, ஒரே குரல். இதை எந்த உரையாசிரியரும் சொல்லித்தர வேண்டியதில்லை, தாளே சொல்லிவிடும்.

இடையில் 1086 முதல் 1109 வரை 24 வரிக் கோரஸ் பாட்டு. நம் பிள்ளைகள் தாண்டிப் போகிற பகுதி இதுதான். ஈடிபஸ் ஏதாவது ஒரு தெய்வத்துக்கும் மலைதேவதைக்கும் பிறந்தவனாக இருக்கலாம் என்று தீபஸ் முதியவர்கள் குதூகலமாகப் பாடுகிறார்கள். அதே நேரத்தில் திரைமறைவில் ஒருவர் அரசியின் முகமூடியைக் கழற்றி அடிமைக் கிழவனின் முகமூடியை மாட்டிக்கொண்டிருக்கிறார். நடிகருக்கு நேரம் வாங்கிக் கொடுக்கும் பாட்டு இது. அதே பாட்டு பொய்யான நம்பிக்கையின் உச்சத்துக்கும் கதையைக் கொண்டுபோகிறது. கோரஸைத் தாண்டிவிட்டால் இரண்டும் போச்சு.

மொழிபெயர்ப்புகளில் சாய்வெழுத்தில் வரும் "கதவு திறக்கிறது", "மண்டியிடுகிறாள்" போன்ற மேடைக் குறிப்புகளை நம்பிக் கட்டுரை எழுதாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வசனத்திலிருந்து ஊகித்துச் சேர்த்தவை அவை. சில இடங்களில் எந்த வரியை யார் பேசுகிறார் என்பதே அறிஞர்களின் முடிவுதான், கைப்பிரதிகள் அவ்வளவு மௌனம்.

ஆங்கில நாடகத்துக்கு வந்தால் சிக்கல் வேறு மாதிரி. ஷேக்ஸ்பியர் காலத்தில் நடிகருக்கு முழு நாடகத்தைக் கொடுக்கும் வழக்கம் இல்லை. தன் வசனமும், அதற்கு முன்னால் அடுத்தவர் பேசும் கடைசிச் சில சொற்களும் மட்டும் எழுதிய நீளச் சுருள்தான் கைக்கு வரும். அக்கால நடிகர் எட்வர்ட் ஆலின் நடித்த ஆர்லாண்டோ வேடத்தின் சுருள் லண்டன் டல்விச் கல்லூரியில் இன்றும் இருக்கிறது. அதன் படங்களை ஹென்ஸ்லோ-ஆலின் இணையத் தொகுப்பில் பார்க்கலாம். ஷேக்ஸ்பியர் காட்சி ஒன்றை எடுத்து ஒரே ஒரு பாத்திரத்துக்கு இப்படிச் சுருள் எழுதிப் பாருங்கள். அடுத்தவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாமல் நிற்கும் நடிகரின் நிலை அப்போதுதான் பிடிபடும்.

மூன்று நடிகர் கணக்கை இங்கே நீட்டினால் சறுக்கும். லியரில் மன்னனின் மகள் கார்டீலியாவும் கோமாளியும் ஒரே காட்சியில் சந்திப்பதில்லை, எனவே ஒரே நடிகர்தான் இரண்டையும் நடித்தார் என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். நேரக் கணக்கு ஒத்துவருகிறது, உண்மை. ஆனால் ஒரு டஜன் பேருக்கு மேல் உள்ள குழுவில் அது ஒரு சாத்தியம் மட்டுமே. பெண் வேடம் கட்டியது சிறுவர்கள், கோமாளி வேடமோ ராபர்ட் ஆர்மின் என்ற தேர்ந்த நகைச்சுவை நடிகருக்கு எழுதப்பட்டது என்பது பலரது கருத்து. யொகாஸ்டாவுக்குக் கிடைக்கும் உறுதி இங்கே கிடைக்காது.

இங்கே உறுதியாக வேலை செய்ய வேண்டிய இடம் பிரதிகள். லியர் 1608-இல் குவார்ட்டோ என்ற சிறிய தனிநூலாக அச்சானது, 1623-இல் ஃபோலியோ என்ற பெரிய தொகுப்பு நூலில் மறுபடி வந்தது. முதலாவதில் உள்ள ஏறத்தாழ 300 வரி இரண்டாவதில் இல்லை, இரண்டாவதில் உள்ள சுமார் 100 வரி முதலாவதில் இல்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய பதிப்புகள் பலவும் இரண்டையும் கலந்து ஒன்றாக்கியவை. அப்படியொரு நாடகம் அக்காலத்தில் எந்த மேடையிலும் நடந்ததற்குச் சான்று இல்லை.

மூன்றாம் அங்கம், ஏழாம் காட்சி. முதிய பிரபு குளோஸ்டரை நாற்காலியில் கட்டிவைத்து, லியரின் மகள் ரீகனின் கணவன் கார்ன்வால் ஒரு கண்ணைப் பிடுங்குகிறான். சிறுவயது முதல் அவனிடம் வேலை பார்த்த ஒரு வேலைக்காரன் பொறுக்க முடியாமல் எஜமானன் மேலேயே வாளை உருவுகிறான். ரீகன் பின்னாலிருந்து குத்தி அவனைக் கொல்கிறாள். இரண்டாவது கண்ணும் போகிறது. கிழவனை வாசலுக்கு வெளியே தள்ளுகிறார்கள், காயம்பட்ட கார்ன்வால் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறான். ஃபோலியோவில் காட்சி அத்துடன் முடிந்தது. குவார்ட்டோவில் இரண்டு வேலைக்காரர்கள் பின்தங்குகிறார்கள். இவர்களுக்கு நல்ல சாவு வந்தால் உலகத்தில் எந்த அக்கிரமமும் செய்யலாம் என்கிற தொனியில் பேசிவிட்டு, ரத்தம் வழியும் முகத்தில் வைக்கச் ஆளி நாரும் முட்டை வெள்ளைக்கருவும் கொண்டுவரப் போகிறார்கள். பத்து வரிகூட இல்லை. ஆனால் "லியரின் உலகத்தில் இரக்கமே இல்லை" என்று எழுதுகிறவர் எந்தப் பிரதியை வைத்து எழுதுகிறார் என்று கேட்காமல் விட முடியாது.

1986 ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு இரண்டையும் தனித்தனி நாடகமாகவே அச்சிட்டது. ஆர்டன் மூன்றாம் வரிசைப் பதிப்பில் ஒரு பிரதிக்கு மட்டுமே உரிய வரிகளைக் குட்டியாக க்யூ (குவார்ட்டோ), எஃப் (ஃபோலியோ) எழுத்து போட்டுக் காட்டியிருப்பார்கள். மாணவருக்கு அதுவே வசதி. ஒதெல்லோவிலும் இதே வேலை உண்டு. 1622 குவார்ட்டோவில் டெஸ்டிமோனாவின் வில்லோ பாட்டு இல்லை. கடவுள் பெயரில் சத்தியம் செய்யும் வசைகளோ அதில் தாராளம், ஃபோலியோவில் பெரும்பாலும் காணோம். மேடையில் கடவுள் பெயரை இழிவாகச் சொன்னால் 10 பவுண்டு அபராதம் என்ற 1606-ஆம் ஆண்டுச் சட்டத்தை அதற்குக் காரணமாகச் சொல்வார்கள். மார்லோவின் ஃபாஸ்டஸுக்கு 1604, 1616 என்று இரண்டு உருவம், பின்னதில் அறுநூறு வரிக்கு மேல் கூடுதல்.

கிரேக்கத்திலும் தற்செயல் குறைவில்லை. யூரிபிடிஸின் நாடகங்களில் ஒன்பது, கிரேக்க எழுத்து வரிசையில் எப்சிலன் முதல் கப்பா வரையிலான எழுத்துகளில் தலைப்புத் தொடங்குகிறது என்பதாலேயே தப்பின. அகர வரிசைப்படி அடுக்கிய ஒரு முழுத்தொகுப்பின் துண்டு எப்படியோ பிழைத்து, 14-ஆம் நூற்றாண்டுக் கைப்பிரதி வழியே நம்மிடம் வந்தது. பள்ளிகளில் தேர்ந்தெடுத்து வைத்தவை அல்ல இவை, வடிகட்டாத மாதிரி. ஹெலன், அயோன் போல நல்ல முடிவுள்ள நாடகங்கள் அதில் இருக்கின்றன. துன்பியல் என்றால் சாவில்தான் முடிய வேண்டும் என்பவர்கள் இந்த ஒன்பதையும் ஒருமுறை படிக்க வேண்டும்.

கடைசியாக, கிரேக்க நாடகம், ஆங்கில நாடகம் இரண்டையும் நேரே ஒப்பிடும் கட்டுரைகள். எலிசபெத் காலத்து நாடகாசிரியர்கள் பெரும்பாலும் கிரேக்கத்தை மூலத்தில் படித்து எழுதியவர்கள் அல்ல. லண்டனில் சட்டம் படிப்பவர்களின் கிரேஸ் இன்னில் 1566-இல் நடந்த ஜொகாஸ்டா யூரிபிடிஸுடையதுதான், ஆனால் லத்தீன் வழியாக இத்தாலியனுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அவர்கள் கையில் தாராளமாக இருந்தது ரோமானிய நாடகாசிரியர் செனகா. அவர் பெயரிலுள்ள பத்து நாடகங்களும் 1581-இல் ஆங்கிலத்தில் ஒரே தொகுதியாக வந்துவிட்டன. ஆகவே ஈடிபஸுக்கும் லியருக்கும் நடுவில் செனகாவின் தையெஸ்டிஸை வைத்துப் படியுங்கள். பேயும் பழிதேவதையும் தொடங்கிவைக்கும் அந்த நாடகத்தில் குழந்தைகளை வெட்டிச் சமைத்ததை ஒரு தூதன் வந்து வாயால்தான் சொல்கிறான். ஷேக்ஸ்பியரின் டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸில் அதே விருந்து வருகிறது. ஆனால் கழுத்தை அறுப்பது பார்வையாளர் கண்ணெதிரே நடக்கிறது, கையிழந்த லவீனியா ரத்தம் பிடிக்கும் பாத்திரத்தை மணிக்கட்டுகளுக்கு நடுவே ஏந்தி நிற்கிறாள். தூதனின் வாயிலிருந்த கொலையை மேடைக்குக் கொண்டுவந்தது யார், எப்போது என்று தேடத் தொடங்க இந்த இரண்டு காட்சிகளும் போதும்.