கெயினைக் குறையுங்கள், ரிஃப் கேட்கட்டும்

எலெக்ட்ரிக் கிட்டாரில் பங்க் ராக் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துண்டு) வாசிக்க ஆசைப்பட்டு ஆம்ப் முன்னால் உட்காரும் பலரும் முதலில் செய்வது கெயினை (ஒலியைக் கரகரப்பாக்கும் குமிழை) முழுசாகத் திருகி, மிட்ஸைப் (நடு ஒலிகளை) பாதாளத்துக்கு இறக்கி, பாஸையும் (கீழ் ஒலிகள்) ட்ரெபிளையும் (மேல் ஒலிகள்) ஏற்றிவிடுவது. தனியாக வாசிக்கும்போது அது பிரமாதமாகத்தான் இருக்கும். டிரம்ஸும் பாஸ் கிட்டாரும் சேர்ந்ததும் கிட்டார் எங்கே போனது என்றே தெரியாது. மேலே சிம்பல், கீழே பாஸ் கிட்டாரும் கிக் டிரம்மும். நடுவில் கிட்டாருக்கென்று இருந்த இடத்தை நாமே காலி செய்துவிட்டோம். மிட்ஸைப் பாதிக்கு மேல் வையுங்கள். தனியாகக் கேட்டால் கொஞ்சம் மூக்கால் பாடுவது மாதிரி இருக்கும், இருக்கட்டும்.

கெயின் விஷயத்தில் என் கட்சி இதுதான்: போதும் என்று தோன்றும் இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும். டிஸ்டார்ஷன், அதாவது கெயின் தரும் கரகரப்பு, ஏற ஏற சிக்னல் நசுங்குகிறது, அழுத்தி அடித்ததற்கும் மெதுவாக அடித்ததற்கும் வித்தியாசம் போய்விடுகிறது. பங்கில் வேலையே வலது கையில்தான் இருக்கிறது. 180 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 180 தட்டு) எட்டாம் நோட்டுகளை (தட்டுக்கு இரண்டு) முழுக்க டவுன்ஸ்ட்ரோக்கில், மேலிருந்து கீழாக மட்டும், அடித்தால் விநாடிக்கு ஆறு அடி. அந்த ஆறும் தனித்தனியாகக் கேட்க வேண்டாமா? பாம் மியூட் செய்து (உள்ளங்கை ஓரத்தைக் கம்பிமேல் லேசாக வைத்து) நாலு அடி அடித்து, சட்டென்று நிறுத்திப் பாருங்கள். நிறுத்திய இடத்தில் 'கொய்ங்' என்று இழுத்தால் கெயின் இன்னும் அதிகம்.

பவர் கார்ட் இங்கே எடுபடுவதற்கும் காரணம் இருக்கிறது. அதில் இருப்பது ரூட் என்னும் அடிச்சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும்; அவற்றின் அதிர்வெண்கள் 2:3 விகிதம். டிஸ்டார்ஷனில் இரண்டும் மோதும்போது ரூட்டுக்கு ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே இன்னொரு சுரம் பிறக்கிறது, அதனால்தான் இரண்டே கம்பியில் அவ்வளவு கனம். அதில் மேஜர் தேர்டைச் (ரூட்டிலிருந்து மூன்றாம் சுரத்தை) சேர்த்தால், ஃப்ரெட்டில் அதன் சுருதி தூய விகிதத்தைவிடச் சற்றே ஏறியிருப்பதால், கரகரவென்று ஆகிவிடும். அப்படி ஒரு கார்ட் கட்டாயம் வேண்டும் என்றால் கிட்டாரின் வால்யூமைக் கொஞ்சம் இறக்கி வாசியுங்கள்.

அப்புறம் டியூப் ஸ்க்ரீமர், கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் வைக்கும் ஓவர்டிரைவ் பெடல். அதை டிஸ்டார்ஷனுக்காக வாங்குகிறவர்கள்தான் அதிகம். ஹை-கெயின் ஆம்ப் முன்னால் வைத்தால் அதன் டிரைவ் (கரகரப்பின் அளவு) கிட்டத்தட்ட பூஜ்யம், லெவல் (வெளியே அனுப்பும் சத்தம்) மேலே. அதன் சர்க்யூட் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதற்கு டிரைவைக் குறைத்து அனுப்புவதால், தடித்த கம்பியின் கொழகொழப்பு ஆம்புக்குள் போகும் முன்பே இளைத்துவிடுகிறது. ஆம்பில் பாஸ் குமிழைக் குறைப்பதும் இதுவும் ஒன்றல்ல. பல ஆம்ப்களில் அந்தக் குமிழ் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால்தான் வருகிறது, அதற்குள் பாஸ் நசுங்கி முடிந்திருக்கும். டிராப் டி-யில், அதாவது தடித்த கம்பியை E-யிலிருந்து D-க்கு இறக்கிய டியூனிங்கில், அந்தக் கம்பி சுமார் 73 ஹெர்ட்ஸ். இந்த ஒரு பெடலின் அருமை அங்கேதான் தெரியும்.

ரெக்கார்டிங்கில் கேட்கும் அந்தப் பெரிய சுவர் ஒரே கிட்டார் அல்ல. அதே ரிஃபை இரண்டு தடவை வாசித்து ஒன்றை இடது கோடிக்கும் மற்றதை வலது கோடிக்கும் தள்ளியிருப்பார்கள். ஒரே டேக்கை (ஒரு தடவை வாசித்த பதிவை) காப்பி செய்து இரு பக்கமும் வைத்தால் நடுவில் சத்தம்தான் கூடும், அகலம் வராது. இரண்டு டேக் அடுக்கும்போது டிஸ்டார்ஷனும் கூடித் தெரியும் என்பதால் ஒவ்வொன்றிலும் கெயினை இன்னும் ஒரு படி இறக்கலாம்.

நாய்ஸ் கேட், அதாவது சத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் ஒலியை அடைத்துவிடும் கருவி? வையுங்கள், ஆனால் வாசிக்காத நேரத்து இரைச்சலை மட்டும் வெட்டும் அளவுக்கு. கம்பியை நிறுத்துகிற வேலையையும் அதனிடம் கொடுத்தால், நீள விட்ட கார்டின் வாலையும் அது கடித்துவிடும்.