டீம் லீடுனு பேரு மட்டும்தான் எனக்கு

இன்னிக்கு ரிவ்யூ கால்ல பன்னெண்டு பேர் முன்னாடி மேனேஜர் என்ன கேக்குறாரு, "டெஸ்டிங் ஏன் ரெண்டு நாள் லேட்டு, டீம் உங்க கன்ட்ரோல்ல இல்லையா?"னு. வந்துச்சு பாருங்க ஒரு கோவம். லேட்டுக்கு காரணமே நீதான்யா!

திங்கக்கெழம காலைல டெஸ்டிங்க ஒரு பையன்கிட்ட குடுத்து புதனுக்குள்ள முடிச்சிடுடான்னேன், சரின்னான். மத்தியானம் இவரு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம நேரா அவனுக்கு பிங் பண்ணி "சின்ன ரிப்போர்ட்தான், அரை மணி நேர வேலை"னு தள்ளி விட்டிருக்காரு. கலர மாத்து, டேபிள்ல காலம் வரிசைய மாத்து, போன வருஷ டேட்டாவயும் சேருனு ஒண்ணொண்ணா வந்து அந்த அரை மணி நேரம் ரெண்டு நாளா இழுத்துடுச்சு. பெரியவரே சொல்லிட்டாரேனு அவன் என் வேலைய ஓரமா வச்சுட்டான், அவன என்னத்த குத்தம் சொல்றது? கால்ல அவன் மைக் ஆன் ஆகுது, ஆஃப் ஆகுது, திரும்ப ஆன் ஆகுது... பாவம், வாயத் தொறக்கல. நானும் தொறக்கலங்குறது வேற கடுப்பு.

வாராவாரம் "ஓனர்ஷிப் எடுங்க, ஓனர்ஷிப் எடுங்க"னு ஒரே பாட்டு. ஓனர்ஷிப்னா என்ன சார், திட்டு வாங்குற உரிமையா? யாருக்கு என்ன வேலைனு கடைசில முடிவு பண்றது நீங்க, லீவு அப்ரூவ் பண்றது நீங்க (ஆளு வராதப்பதான் எனக்கே தெரியுது), தேதி தப்புனா மட்டும் பதில் சொல்ல நானு.

ஹென்றி ஃபயோல்னு பிரான்ஸ்ல சுரங்கக் கம்பெனி நடத்துன இன்ஜினியர் ஒருத்தர் 1916லயே எழுதி வச்சுட்டாரு, ஒருத்தனுக்கு உத்தரவு ஒரே ஆள்கிட்ட இருந்துதான் வரணும், பொறுப்பும் அதிகாரமும் சேந்தே இருக்கணும்னு. எங்காளு இத எம்பிஏல படிச்சு பரிச்சையே எழுதிருப்பாரு!

அவசரம்னா நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்? "அவன ரெண்டு நாள் எடுத்துக்கறேன், டெஸ்டிங் தள்ளிப்போகும், பரவால்லயா"னு எனக்கு ஒரு மெசேஜ், பத்து செகண்டு ஆகுமா? அதுக்கு கை வராது.

சாயங்காலம் அந்தப் பையன் மெல்ல வந்து கேக்குறான், "அண்ணா, அடுத்த வாட்டி அவரு கேட்டா முடியாதுனு சொல்லிடவா?"னு. சொல்லிடுடானு சொல்ல எனக்கு வாய் வரல, அவன் இன்க்ரிமெண்ட் அந்தாளு கையிலதான் இருக்கு.